முகாமையாளரின் கதையும் தொழில்நுட்பவியலாளரின் மௌனமும்: ‘த பீனிக்ஸ் புரொஜெக்ட்’ நாவல் குறித்து

மனிதர் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதைக் காட்டாது அவர்தம் வாழ்வைக் காட்ட முனையும் நாவல் நிறைவுடையதாகாது என்பது யதார்த்தவாத விமர்சனத்தின் அடிப்படைகளுள் ஒன்று. வயலும் தோட்டமும் ஆலையும் இவ்வகையிலேயே நாவலுக்குள் இடம்பெற்றன. கணினியின் முன் அமர்ந்து செய்யப்படும் உழைப்போ பெரும்பாலும் முகாமைத்துவ நூல்களுக்கே விடப்பட்டுள்ளது. வணிக நிறுவனத்தின் நிருவாகிகளும் தகவல் தொழில்நுட்பவியலாளரும் இணைந்து பணியாற்றுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு அந்நூல்கள் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு: ஒருவர் மொழியை மற்றவர் விளங்கிக்கொண்டால் போதும் என்பதே அது. இவ்விடை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதிக்க, ஜீன் கிம், கெவின் பெர், ஜோர்ஜ் ஸ்பஃபோர்ட் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ‘த பீனிக்ஸ் புரொஜெக்ட்’ என்னும் ஆங்கில நாவல் தக்க களமாக அமைகின்றது.

இது வெளிப்படையாகவே ஒரு போதனை நாவல். தொழிற்சாலை ஒன்றைக் களமாகக் கொண்ட எலியாகு கோல்ட்ராட்டின் ‘த கோல்’ (1984) நாவலின் அமைப்பை இது கணினிப் பிரிவுக்குப் பொருத்துகின்றது. போதனை நாவல் என்பதனால் மட்டும் இதனை ஒதுக்கிவிடல் தகாது. ஒரு வர்க்கம் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் கதையில், அது கூற விரும்பாதனவும் வெளிப்பட்டுவிடுகின்றன.

மோட்டார் வாகன உதிரிப்பாகங்களை உற்பத்தி செய்து விற்கும் கற்பனைக் கம்பனியொன்றில் கதை நிகழ்கின்றது. கணினிச் செயற்பாடுகளுக்குப் பொறுப்பான உபதலைவராகப் பில் பாமர் நியமிக்கப்படும் நாளிலேயே சம்பளக் கணிப்பு முறை செயலிழக்கின்றது. மணிக்கூலித் தொழிலாளரின் ஊதியம் குழப்பமடைகின்றது. செய்தி பத்திரிகைக்கு எட்டுகின்றது, தொழிற்சங்கம் கண்டிக்கின்றது. பாதுகாப்புப் பிரிவு எவருக்கும் அறிவிக்காது செய்த மாற்றமொன்றே மூலகாரணம் என்பது பின்னர் தெரியவருகின்றது. திரைக்குப் பின்னால் நிகழும் கணினி உழைப்பு உற்பத்தியின் உயிர்நாடியாகிவிட்டமையை இத்தொடக்கம் வலிமையாக உணர்த்துகின்றது.

நாவலின் உண்மையான சாதனை, கண்ணுக்குப் புலனாகாத உழைப்பைப் புலனாக்கியமையே எனலாம். எரிக் என்னும் ஆசான் பில்லை ஆலைத்தளத்திற்கு அழைத்துச் சென்று, இயந்திரங்களுக்கிடையே தேங்கிக்கிடக்கும் அரைகுறை வேலைகளைக் காட்டுகின்றான். கணினிப் பிரிவிலும் வேலைகள் அவ்வாறே தேங்குகின்றன. ஆயின் அங்கு குவியல் கண்ணிற் படுவதில்லை. காத்திருப்புக் காலத்துக்கு நாவல் ஒரு கணக்குத் தருகின்றது. ஒருவர் தம் நேரத்தில் நூற்றுக்கு 50 பங்கு வேலையில் ஈடுபட்டிருப்பின் காத்திருப்பு ஓர் அலகு. 90 பங்காயின் 9 அலகு. 99 பங்காயின் 99 அலகு. ஊழியரை ஓய்வின்றி வேலைவாங்குவதே திறமை எனக் கருதும் நிருவாகிக்கு இதனிலும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

எனினும், ‘பீனிக்ஸ்’ மென்பொருள் வெளியீட்டுப் பகுதியிலே நாவல் தன் சொந்தப் போதனையுடனேயே முரண்படுகின்றது. வெளியிடத்தக்க நிலையில் அது இல்லையெனப் பில் எச்சரிக்கின்றான். சில்லறை வணிகப் பிரிவுக்குப் பொறுப்பான சாராவின் வற்புறுத்தல் மேலோங்க, குறித்த நாளிலேயே அது வெளியிடப்படுகின்றது. கடைகளின் விற்பனை முறைகள் செயலிழக்கின்றன. வாடிக்கையாளரின் கடனட்டை விபரங்கள் வெளிப்படுகின்றன. இங்கு எவரும் எவர் மொழியையும் விளங்காது போகவில்லை. எச்சரிக்கை தெளிவாகவே கூறப்பட்டது. நாளைக் குறிக்கும் அதிகாரம் ஒரு சாராரிடமும், அதன் விளைவைத் தாங்கும் பொறுப்பு மறு சாராரிடமும் இருந்தமையே அழிவுக்குக் காரணம். இது கருத்துப் பரிமாற்றக் குறைபாடன்று. உற்பத்தி உறவின் பிரச்சினை.

ஆசிரியர்கள் தேடும் தீர்வோ ஒழுக்கவியல் சார்ந்தது. பதவி துறந்த பில்லிடம் பிரதம நிறைவேற்று அதிகாரி ஸ்டீவ் மன்னிப்புக் கேட்டு அவனை மீள அழைக்கின்றார். பின்னர் உயர் அதிகாரிகள் கூடித் தம் வாழ்க்கைக் கதைகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவருடைய மனமாற்றம் அமைப்பின் மாற்றமாகக் காட்டப்படுகின்றது.

பிறெண்ட் என்னும் பொறியியலாளனின் பாத்திரம் இன்னும் நுணுக்கமாக நோக்கற்பாலது. கம்பனியின் கணினி அமைப்புகளை முழுமையாக அறிந்தவன் அவனே. எனவே எல்லா வேலைகளும் அவனிடமே வந்து தேங்குகின்றன. எவரும் அவனை நேரடியாக அணுகலாகாது எனவும், அவன் அறிந்தவற்றை மற்றையோர் கற்றுப் பதிவுசெய்தல் வேண்டும் எனவும் பில் விதிக்கின்றான். ஓயாத அழைப்புகளிலிருந்து பிறெண்டுக்கு இது மெய்யான விடுதலையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், தொழிலாளியின் அறிவைப் பிரித்தெடுத்துத் தன்வசமாக்குதல் முதலாளித்துவ முகாமைத்துவத்தின் அடிப்படைப் போக்கு என ஹரி பிரேவர்மன் 1974இல் எடுத்துக்காட்டியமையை இங்கு மறத்தலாகாது. பேரம் பேசுவதற்குப் பிறெண்டிடம் இருந்த ஒரே பலம் அவ்வறிவாகும். அதற்கு ஈடாக அவன் பெற்றது யாது? கதை பில்லின் தன்மைக் கூற்றாக அமைந்தமையால் இவ்வினாவுக்கு அங்கே இடமில்லை.

முடிவும் இதற்கு இயைந்ததே. பில்லுக்குப் பிரதம செயற்பாட்டு அதிகாரியாகும் பாதை திறக்கின்றது. தொடக்கத்தில் ஊதியம் குழம்பிய தொழிலாளரோ கதையின் மையத்துக்கு மீள்வதேயில்லை. ஜீன் கிம் 2019இல் எழுதிய ‘த யூனிகோர்ன் புரொஜெக்ட்’ இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. அதே சம்பளக் குழப்பத்தின் பழியைச் சுமந்து வேறு வேலைக்கு அனுப்பப்படும் மக்சீன் என்னும் மென்பொருள் வல்லுநரின் நிலையிலிருந்து அது கதையைத் தொடங்குகின்றது. தீர்மானம் மேலே எடுக்கப்பட, தண்டனை கீழே இறங்குவதை அத்தொடக்கமே புலப்படுத்திவிடுகின்றது.

இவ்விரு நாவல்களிலிருந்தும் நிருவாகிகள் கற்கவேண்டியது உண்டு. உழைப்பைக் காணக் கற்றல் முதற்படி மட்டுமே. நாளைக் குறிக்கும்போது அவ்வேலையைச் செய்பவருக்கும் சமமான குரல் வேண்டும். ‘இது இன்னும் ஆயத்தமில்லை’ எனக் கூறுபவரின் வேலைக்கு ஊறு நேரலாகாது. அறிவைப் பகிர்ந்தவருக்கு அதன் பயனிலும் பங்கு வேண்டும். இவையின்றி ஒத்துழைப்பு என்பது கீழ்ப்படிதலுக்கு இடப்பட்ட இனிய பெயராகவே எஞ்சும். முகாமையாளரின் கதையை நாம் வாசித்துவிட்டோம். பிறெண்டின் கதை இனித்தான் எழுதப்படல் வேண்டும்.