கூரையின் உயரம்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். யந்திர நுட்பத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லைதான். ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் ஏறி உட்காருவதற்கென்று செய்த ஒரு வஸ்து, தலைமுறைக்குத் தலைமுறை எப்படி உருமாறிற்று என்பது எனக்கும் உரிய விஷயம் என்றே நினைக்கிறேன். குடும்பத்தை ஓர் உருவத்துக்குள் அடக்கிக் காட்டுவதுதானே என் தொழிலும்?

நான் சொல்ல வந்தது ஜப்பானில் ஹோண்டா கம்பெனி செய்த ஒடிஸி என்ற வண்டியைப் பற்றி. முதல் ஒடிஸி 1994 அக்டோபரில் வெளிவந்தது. அதுவரை அந்த நாட்டில் ஆறேழு பேர் போகும் வண்டி என்றால், பெரும்பாலும் சாமான் ஏற்றும் வானில் ஆசனம் போட்ட மாதிரிதான் இருக்கும். எஞ்ஜின் முன் ஆசனத்தின் அடியில், வண்டியோ நெட்டை. ஹோண்டாவிடம் அந்த ஜாதி வண்டி ஒன்றுகூட இல்லை. 1990களின் ஆரம்பத்தில் ஜப்பானின் செழிப்பு சரிந்து, கையில் பணமும் இறுகிவிட்டது. இஸுஸுவும் லாண்ட் ரோவரும் செய்த வண்டிகளை வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்கும் நிலைமை அதற்கு.

புதுத் தொழிற்சாலை கட்ட வழியில்லை. ஸயாமா என்ற ஊரில் அக்கார்ட் கார் செய்துகொண்டிருந்த அதே வரிசையில்தான் புது வண்டியையும் செய்தாக வேண்டும். அந்த வரிசையில் நுழையாத உயரத்துக்கு வண்டி வளரக்கூடாது. ஆகவே 1645 மில்லிமீட்டரோடு கூரை நின்றுவிட்டது. தள்ளுகதவும் கிடையாது, சாதாரணக் காரைப் போல நான்கு கதவுகள். கடைசி ஆசனத்தை மடித்துத் தரைக்குள் புதைத்துவிடலாம்.

இவ்வளவும் குறைகள் என்றுதான் செய்தவர்களே முதலில் எண்ணியிருக்கக்கூடும். குறைகளே குணமாயின. தாழ்ந்த வண்டியாதலால் ஏறுவது சுலபம். வளைவில் ஆட்டம் கொடுக்காது. ஓட்டுகிறவனுக்குக் கார் ஓட்டுகிற உணர்வு. ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

இதை அறிந்தபோது எனக்கு என் நாவல் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினேன். வாரத்துக்கு ஏழு பக்கத்துக்கு மேல் இடமில்லை. முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். புஸ்தகமாக வரும்போது, தடை இல்லையே என்று மூன்று அத்தியாயம் சேர்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, "முன்னே நன்னா மூச்சு விட்டுண்டிருந்தது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று அத்தியாயங்களும் இன்றைக்கும் அந்தப் புஸ்தகத்தில் கிடக்கின்றன.

1999 டிசம்பரில் வந்த இரண்டாவது ஒடிஸி, வெற்றி கண்ட ஆசிரியரின் இரண்டாவது நாவலைப் போன்றது. அதே உருவம், கொஞ்சம் மெருகு. 2003ல் வந்த மூன்றாவதுதான் சிகரம் என்பது என் அபிப்பிராயம். ஜப்பானிய நகரங்களில் வண்டியை யந்திரத்தால் தூக்கி அடுக்கி வைக்கும் கோபுர நிறுத்தங்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் 1550 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. மூன்றாவது ஒடிஸி சரியாக 1550. பெட்ரோல் தொட்டியைத் தட்டையாக்கித் தரையைக் கீழே இறக்கினார்கள். கூரை தாழ்ந்தும் உள்ளே தலை இடிக்கவில்லை. முதல் வண்டிக்குத் தொழிற்சாலை விதித்தது தடை. இதற்குத் தானே விதித்துக்கொண்டது. விதித்துக்கொண்டதற்கு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும் காரணமும் இருந்தது.

2008ல் நான்காவது வந்தது. உயரம் 1545. அந்த ஐந்து மில்லிமீட்டரில்தான் எனக்குச் சந்தேகம் பிறக்கிறது. தாழ்வு இங்கே தேவையாக இல்லை, பாணியாகிவிட்டது. ஒரு தாயார், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெருக்கமான நிறுத்தத்தில் பக்கத்து வண்டியில் இடிக்காமல் கதவைத் திறக்கப் பாடுபடுகிறாள். அவளுக்கு வேண்டியது தள்ளுகதவு. மூன்றாவது வரிசையில் கிழவிக்கு வேண்டியது முழங்காலை நீட்ட இடம். டொயோட்டாவின் அல்ஃபார்ட், ஹோண்டாவே செய்த ஸ்டெப் வேகன் முதலிய உயர்ந்த வண்டிகள் அவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டன. ஒடிஸி ஓட்டுகிற தகப்பனுக்காக மட்டும் அழகாக இருந்தது. வாசகரை மறந்து நடையை மட்டும் தீட்டுகிற எழுத்தாளனுக்கு நேர்வதும் இதுதான். தடை நல்லதுதான், யாருக்காக என்ற கேள்வி மறந்துபோனால் அது வெறும் பிடிவாதம்.

2013ல் ஐந்தாவது ஒடிஸி பிடிவாதத்தை விட்டது. தள்ளுகதவு வந்தது, கூரை ஏறக்குறைய 1700க்கு உயர்ந்தது, சாய்ந்து காலை நீட்டும் ஆசனம் வந்தது. பழைய ரசிகர்கள் இதைச் சரணாகதி என்பார்கள். நான் முழுவதும் ஒப்பமாட்டேன். அது மற்ற வண்டிகளைப் போல ஆகிவிட்டது வாஸ்தவம். ஆனால் தரையை மட்டும் அது உயர்த்தவில்லை. கிழவி இன்னும் சுலபமாக ஏறலாம்.

2021ல் ஸயாமாவில் வண்டி செய்வது நின்றது. ஜப்பானில் ஒடிஸியும் நின்றது. இரண்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், சீனாவில் செய்யப்பட்டு அதே பெயரோடு ஜப்பானுக்குத் திரும்பி வந்தது.

ஹோமரின் காவியத்தில் அலைந்து திரிந்த நாயகன் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்புகிறான். கால் அலம்ப வந்த கிழத் தாதி தழும்பைத் தொட்டுப் பார்த்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். இந்த வண்டிக்கும் தழும்பு உண்டு. அதைக் கூரையில் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தரையில் காலை வைத்து ஏறுகிறவர்களுக்கு அது தெரியும்.