சி. வி. வேலுப்பிள்ளையும் அவர் தேடிய குரலும்

மலையகம் தந்த எழுத்தாளருள் முதற்கண் வைத்து எண்ணப்படுபவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). அவரைப் போற்றிப் பேசுவோர் பலர்; அவரது எழுத்தை நிறுத்துப் பார்த்தோர் சிலரே. தமக்குரிய குரலை அவர் எங்கே கண்டார் என்னும் வினாவுக்கு விடை எளிதிற் கிடைப்பதன்று.

மடக்கும்புரைத் தோட்டத்திலே பெரிய கங்காணிக் குடும்பத்திற் பிறந்து, ஹட்டனிலும் பின்னர்க் கொழும்பிலும் கல்வி பயின்றவர் அவர். லயத்துக் காம்பராவின் அருகே வளர்ந்தவர், ஆனால் அதனுள்ளே வாழாதவர். இவ்விடைவெளியை மறந்து அவரைப் படித்தல் பிழையாகும். கல்வி அவருக்கு ஆங்கிலத்தை அளித்தது. முதற் கவிதைகளும் அம்மொழியிலேயே பிறந்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று அவர் பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், அவரைத் தெரிந்தனுப்பிய மக்களுட் பெரும்பாலார் வாக்குரிமையையும் இழந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவரது நெடும்பாட்டு, மக்கள் இவ்வாறு வாயடைக்கப்பட்டிருந்த 1950களிலே ஆங்கிலத்தில் வெளிவந்தது.

தேயிலைத் தூரின் கீழ் அடையாளமின்றிப் புதைந்தோர்க்கு இரங்கும் அப்பாட்டின் உருக்கத்தை மறுப்பாரில்லை. ஆயினும் அது யாரை நோக்கிப் பாடப்பட்டது? புதைந்தோரின் பேரர் அதனைப் படிக்க இயலாது. படிக்க வல்லவரோ துரைமாரும் கொழும்புக் கற்றோருமே. பாடுபவர் மேட்டில் நின்று மலையைப் பார்க்கிறார். கூலியாட்கள் காணப்படுகின்றனர், ஆனால் அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. 1969இல் சக்தீ பால ஐயாவின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் தமிழாக்கம் வந்த பின்னரே அப்பாட்டு தன் மக்களை அடைந்தது. ஒரு கவிஞரின் குரல் அவருடைய தாய்மொழிக்கு மற்றொருவர் வாய்வழி வந்து சேர்ந்தமை சிந்தித்தற்குரியது.

வங்கத்து மைக்கேல் மதுசூதன தத்தரின் வரலாறு இங்கே நினைவுக்கு வரும். அவர் 1849இல் சென்னையிலிருந்து ஆங்கிலக் காவியம் வெளியிட்டார். அதனைக் கண்ட பெத்தூன் என்னும் ஆங்கிலேயரே தாய்மொழியில் எழுதுமாறு அறிவுரை கூறினார். 1861இல் ‘மேகநாதவதம்’ வங்காளியில் வந்தது. ஆனால் தத்தர் திரும்பிய மொழி, இலக்கிய வளம் படைத்த செந்நெறி மொழி. வேலுப்பிள்ளைக்குத் தோட்டத்திலே காத்திருந்ததோ ஏட்டிலேறாத தமிழ்.

அத்தமிழை அவர் செவியாற் கற்றார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் பாட்டு என அவர் திரட்டியவை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாயின. கங்காணி வீட்டுப் பிள்ளை கங்காணியை ஏசும் பாட்டைக் கூசாது எழுதிவைத்தமை சிறு செயலன்று. (அச்சில் மெட்டு இல்லை, பாதி உயிர் அங்கேயே போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) தமது குரலைச் சற்றே அடக்கிப் பிறர் குரலைக் கேட்ட இந்நூலிலேதான் வேலுப்பிள்ளை தம்மை முழுமையாகக் காட்டுகிறார் எனத் துணிந்து கூறலாம்.

‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ ஆகிய நாவல்களிலோ இரு குரல்கள் மோதுகின்றன. மாந்தர் வாய்திறக்கும்போது பெரட்டுக்களத்துப் பேச்சு உயிரோடு ஒலிக்கிறது. ஆசிரியர் கதையை எடுத்துரைக்கத் தொடங்கியதும் தொழிற்சங்கத் தலைவரின் குரல் தலைதூக்குகிறது. நியாயம் சொல்லப்படுகிறது, கதை நின்றுவிடுகிறது. சொல்லப்படும் நியாயம் உண்மையானதே; குறை அதிலன்று, அது புகும் இடத்தில் உள்ளது.

இதனோடு என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதையை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1961இல் வெளிவந்த அக்கதையில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் எடைமீது பிறர் ஐயங்கொள்கின்றனர். அவ்வளவே செய்தி. சுரண்டல் என்ற சொல்லுக்கு அங்கே தேவை நேரவில்லை. றாத்தற் கணக்கே பேசுகிறது. கைத்திறனே மானமாகிய ஒருத்தியின் சினத்தை இராமையா விளக்காமல் விட்டுவிடுகிறார். தோட்டத்துச் சொற்களுக்கு மேற்கோட்குறியிட்டு மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் அவரிடம் இல்லை.

அவ்வழக்கம் வகுப்பறைகளில் இன்னும் நீங்கவில்லை. ஹட்டன் பகுதியிலே ‘பெரட்டு’, ‘கொழுந்து நிறுவை’ என்று தன் கட்டுரையில் எழுதும் மாணவனின் சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அவ்விடத்திலே பாடநூற் சொல் ஒன்று எழுதப்படுவதுண்டு. அடுத்த கட்டுரையில் அவன் தன் தாய் வேலைக்குப் போன காலையை எழுதுவதில்லை. கடற்கரைக் காட்சியை எழுதுகிறான், கடலையே கண்டிராதவன்.