பதினாறு கட்டங்களும் ஒரு பறையும்

வீட்டிலேயே உட்கார்ந்து எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்களைப் பற்றி நம் விமர்சகர்கள் வாய் திறப்பதில்லை. சபாக்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இது சங்கீதமே அல்ல. சினிமாக்காரர்களுக்கு இது தொழில். நம் இலக்கியவாதிகளோ ராஜரத்தினம் பிள்ளையோடு காதை மூடிக்கொண்டவர்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரு பழைய லாப்டாப்பும் ஹெட்போனுமாக ராத்திரி விழித்திருக்கும் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் கொஞ்ச நாளாகக் கேட்டுவருகிறேன். பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆனால் ஏமாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது அவர்களுடைய திறமைக்குறைவு அல்ல.

தாளம் செய்ய ஆரம்பிக்கிறவனுக்குத் திரையில் முதலில் கிடைப்பது வரிசையாகப் பதினாறு காலிக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அங்கே ஒரு அடி விழும். முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது கட்டங்களில் கிக். ஐந்திலும் பதின்மூன்றிலும் ஸ்நேர். ஒன்றுவிட்டு ஒன்றில் ஹைஹாட். ஐந்து நிமிஷத்தில் தாளம் வந்துவிடுகிறது. அவன் பரவசப்பட்டுப்போகிறான். அந்தப் பரவசம் பொய்யல்ல. ஆனால் அந்தத் தாளம் அவனுடையதும் அல்ல. காலத்தை நாலு நாலாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி நாலாக வெட்டி, எல்லாத் துண்டும் சம அளவு என்று வேறு யாரோ எடுத்த தீர்மானத்தின் மேல் அவன் புள்ளி வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

தீர்மானம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 என்ற தாளப்பெட்டியை வெளியிட்டது. அதன் கீழ் விளிம்பில் பதினாறு பொத்தான்கள் – சிவப்பு நாலு, ஆரஞ்சு நாலு, மஞ்சள் நாலு, வெள்ளை நாலு. நிறமே தாளத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. (ஒரு அடியை மூன்றாக வெட்டவும் அதில் வழி இருந்தது, அதைத் தேடிப்போனவர்கள் குறைவு.) அதன் முரசு முரசு மாதிரி இல்லை என்று அன்று குறை சொன்னார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் ராஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 நிஜமான டிரம் ஓசைகளைப் பதிவுசெய்து வைத்திருந்ததால், விலை பல மடங்கு இருந்தும் பெரிய ஸ்டூடியோக்கள் அதை நாடின. 808 மூன்று வருஷத்தில் நின்றுபோயிற்று. பிறகு பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தபோது, கையில் காசில்லாத அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டு ஹிப்ஹாப்பையும் டெக்னோவையும் செய்தார்கள். 1990களின் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரூட்டிலூப்ஸ் வந்தது – இன்று எஃப்எல் ஸ்டூடியோ. அந்தப் பதினாறு பொத்தான்கள் திரையில் கட்டங்களாக ஏறி அம்பத்தூர் வரை வந்து சேர்ந்தன.

இந்தியாவில் இந்தப் பெட்டியை முதலில் கையாண்டவர்களில் ஒருவர் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங். 1982இல் 808ஐயும் டிபி-303 என்ற பாஸ் இயந்திரத்தையும் ஜூபிடர்-8 சிந்தஸைசரையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டுச் செய்தார். விற்கவில்லை. 2010இல் அது மறுபடி வெளியானபோது, சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்கு ஐந்து வருஷம் முந்தியது என்று மேற்கே வியந்தார்கள். வியக்கத்தக்கதுதான். 303இன் வழுக்கும் ஸ்வரத்தில் கமகத்துக்கு ஒரு உறவு இருப்பதைக் கண்டது பெரிய காது. ஆனால் தலைப்பே உண்மையைச் சொல்லிவிடுகிறது: பத்து ராகம், ஒரு டிஸ்கோ தாளம். ராகத்தை இயந்திரத்திடம் வளைத்துக் கேட்டவர், தாளத்தை இயந்திரம் கொடுத்தபடியே வாங்கிக்கொண்டார். நம்முடைய பிரச்னை அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் 1986இன் ‘புன்னகை மன்ன’னில் இளையராஜா இயந்திர ஒலியை மறைக்காமல் முன்னிறுத்தினார். 1992இன் ‘ரோஜா’வை ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட தன் சிறிய ஸ்டூடியோவில் செய்தார். வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு இன்றும் அதுதான் மூலம். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறந்துபோன தகப்பனாரின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த வீடு அது. பிள்ளைப்பிராயத்திலிருந்து வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து வாசித்த கை அது. இயந்திரத் தாளத்தின் மேல் மனிதக் கையை அடுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அடுக்கை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் பிரதிசெய்தார்கள்; செலவும் மிச்சம்.

புறநகர்ப் பையன் ஏன் கட்டத்தை விட்டு வெளியே வருவதில்லை என்பதற்கு இன்னொரு ஸ்தூலமான காரணமும் உண்டு. அவன் விரலால் தட்டிப்பார்க்கத்தான் முதலில் ஆசைப்படுகிறான். பழைய லாப்டாப்பில் பஃபர் 2048 என்று இருந்தால், தட்டியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே ஏறக்குறைய 46 மில்லிசெகண்ட் போய்விடும். கை ஒன்று சொல்ல, காது வேறொன்று கேட்கிறது. நாலு நாளில் தனக்குத் தாளஞானம் இல்லை என்று முடிவுகட்டி, மௌஸால் புள்ளி வைக்கப் பழகிவிடுகிறான். பஃபரை 256க்கு இறக்கினால் தாமதம் 6 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். கை திரும்பக் கிடைக்கும். இதை அவனுக்குச் சொல்லாமல், எந்த மைக் வாங்கலாம், எந்த ஒலித்தொகுதி வாங்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் வியாபாரிகள்.

பதினாறைப் பதினாலாகக் குறைக்கவும் ஒரு நிமிஷம் போதும். ஒன்று, ஏழு, பதினொன்று ஆகிய கட்டங்களில் அழுத்தம் வைத்தால் மிஸ்ர சாபு நடக்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டாக்கினால் திஸ்ரம். இது விமோசனம் என்று நான் சொல்லவில்லை. சம அளவுக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. எண்ணிக்கையை மாற்றுவது எளிது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். அப்பா பிரஸ் ஷாப்பில் வேலை. மாமா பறை அடிக்கிறவர். ஒரு சாவில் மாமா அடித்ததை மொபைலில் பதிவுசெய்து வந்து, அடி அடியாக வெட்டி, குவாண்டைஸ் செய்து – அதாவது ஒவ்வொரு அடியையும் பக்கத்துக் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்து ஒட்டி – ஒரு பாட்டுக்கு அடியில் போட்டிருந்தான். நான் போயிருந்த அன்று மாமாவும் வந்திருந்தார். கேட்டார்.

“யார்ரா அடிச்சது?”

“நீதான் மாமா.”

“நான் இப்படி அடிக்க மாட்டேன்.”

பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வெட்டாத பதிவைப் போடச் சொன்னார். திரையில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தோம். வலது கை அடிக்குச்சி அனேகமாகக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. இடது கை சிண்டுக்குச்சி அப்படியில்லை. சில இடங்களில் 20 மில்லிசெகண்ட் முந்தி. சுற்று முடியும் இடத்தில் மட்டும் பிந்தி. அந்த வேகத்தில் ஒரு கட்டம் 125 மில்லிசெகண்ட். அதில் ஆறில் ஒரு பங்கு. தவறு என்றால் ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அது வராது. அவருடைய நடை அது. இயந்திரம் அதைத் துடைத்துவிட்டு, நெருப்பில் காய்ச்சிய தோலின் சத்தத்தை மட்டும் பாக்கி வைத்திருந்தது. பறை ஓசை, நம்மூர்ப் பறை ஓசை என்று விலைக்கு வருகிற ஒலித்தொகுதிகளிலும் இதுதான் கிடைக்கிறது. அடித்தவர் பெயர்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

லின் தன் பெட்டியிலேயே ஸ்விங் என்று ஒரு விசை வைத்திருந்தார். அதை 54 சதவீதத்தில் வைத்தால் இரண்டாவது கட்டம் 10 மில்லிசெகண்ட் பிந்தும். ஆனால் அது எல்லா இரண்டாவது கட்டத்தையும் ஒரே மாதிரி தள்ளும். மாமாவின் இடது கை அப்படித் தள்ளுவதில்லை. ஆகவே கையாலேயே நகர்த்த வேண்டியிருந்தது. கிக்கைக் கோட்டிலேயே விட்டுவிட்டு, சிண்டுக்குச்சியின் அடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். மாமா தொடையில் தட்டிக் காட்டுவார், இவன் நகர்த்துவான், அவர் தலையாட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். இரண்டு மணி நேரத்தில் இருபது செகண்ட் தேறியது.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலில் செருப்பை விடும்போதே சொன்னார்: “சாவு மோளம் வூட்டுக்குள்ள வேணாம்.” அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் அவர் இரும்புச் சத்தத்துக்குப் போனவர். அவரிடம் கலை என்று பேச எனக்கு யோக்யதை கிடையாது. மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் ஹெட்போனைச் செருகிக்கொண்டான்.

அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை. அந்த இருபது செகண்ட் இந்தப் பக்கத்தில் நான் கேட்ட எதையும்விட மேலானது. அதன் மேல் ஓடும் சிந்தஸைசர் மெட்டு சினிமாக் கழிவு. எடுத்துவிடச் சொன்னேன், அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறான்.