கரீபியன் ரிசார்ட் சாப்பாடு: மெனுவை எழுதுவது யார்?

உயர்தர ரிசார்ட்களின் சாப்பாட்டை விமர்சிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். ருசி எப்படி, கொடுத்த காசுக்குத் தகுமா. இரண்டும் முக்கியம்தான். ஆனால் கரீபியன் தீவுகளில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கவேண்டியிருக்கிறது: தட்டில் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்தது யார்? இதைக் கேட்டுப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் கட்சி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், நண்பர் குடும்பங்களோடு ஜமைக்காவின் வடக்குக் கரையில் ஒரு வாரம் தங்கினோம். ரிசார்ட்டின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு இடத்தின் குறை அல்ல, அந்த வகை இடங்களின் குணம். உள்ளேயே உணவகங்கள் உண்டு. வில்லா எடுத்தால் கூடவே ஒரு சமையல்காரரும் உண்டு. இரண்டு பக்கமும் சாப்பிட்டோம்.

உணவகம்

முதலில் உணவகம். மெனுவில் சீசர் சாலட், டூனா டார்டார், டிரஃபிள் எண்ணெய் விட்ட ரிசோட்டோ, ஸ்டேக், லாப்ஸ்டர். சமையலில் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ஸ்டேக் கேட்ட பதத்தில் வந்தது. ரிசோட்டோ குழையவில்லை. பிரச்சினை என்னவென்றால், இதே மெனுவை துபாயில் வைத்தாலும் மாலத்தீவில் வைத்தாலும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

ஜமைக்கா எங்கே என்று தேடினால் ஒரே ஒரு சொல்லில் இருந்தது: ஜெர்க். அதுவும் பாஸ்தாவின் மேல் போட்ட கோழித் துண்டுகளுக்கு. ஜெர்க் என்பது வெறும் மசாலா கிடையாது. மலைக்காடுகளுக்குத் தப்பிப்போன அடிமைகளான மரூன்களோடு சேர்த்துச் சொல்லப்படும் சமையல் முறை. ஆல்ஸ்பைஸ், ஸ்காட்ச் பானட் மிளகாய், தைம் எல்லாம் ஊறிய இறைச்சியை ஆல்ஸ்பைஸ் மரக்கட்டையின் புகையில் மெதுவாகச் சுடவேண்டும். போர்ட்லண்ட் பக்கம் பாஸ்டன் பே சாலையோரக் கடைகள் இதற்குப் பேர்போனவை. புகையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காரப்பொடி. எங்கள் பாஸ்தாவில் இருந்தது காரப்பொடிதான்.

லாப்ஸ்டர் இன்னும் சுவாரசியம். ஜமைக்காவில் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை லாப்ஸ்டர் பிடிக்கத் தடை, இனப்பெருக்க காலம். அந்தக் கடலில் கிடைப்பது கொடுக்கு இல்லாத வகை, நம் ஊர் சிங்கி இறாலின் உறவு. எங்கள் மேஜைக்கு வந்ததற்கோ இரண்டு பெரிய கொடுக்குகள்! அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து வந்தது என்று பரிமாறியவரே பெருமையாகச் சொன்னார். கண்ணெதிரே கடல், தட்டில் வேறொரு கடல்.

ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் ஆன்டிகுவாவைப் பற்றி எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சின்னப் புத்தகத்தில் இதைத்தான் குத்திக்காட்டுகிறார். உள்ளூர் மண்ணின் விளைச்சல் என்று நினைத்துச் சுற்றுலாப் பயணி ரசித்துச் சாப்பிடுவது மியாமியிலிருந்து விமானத்தில் வந்த சரக்கு. படிக்கும்போது கொஞ்சம் ஓவர் என்று தோன்றியிருந்தது. அந்தக் கொடுக்குகளைப் பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை.

ஏன் இப்படி?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் மென்பொருள்காரன், எனக்கு இது முதலில் ஒரு சப்ளை செயின் சிக்கலாகத்தான் தெரிகிறது. ஒரு பெரிய ஹோட்டலின் கொள்முதல் அதிகாரிக்குத் தினமும் ஒரே அளவு, ஒரே தரம், ரசீதோடு வேண்டும். மலைச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி செவ்வாய்க்கிழமை இருபது கிலோ கீரை கொண்டுவருவார், வெள்ளிக்கிழமை ஒன்றும் இருக்காது. ஹோட்டல் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துப் பணம் தரும், அவருக்கு அன்றைக்கே காசு வேண்டும். கன்டெய்னரில் உறைந்து வரும் சரக்கில் இந்த இழுபறி எதுவும் இல்லை. விவசாயிகளையும் ஹோட்டல்களையும் நேரடியாக இணைக்க 'அலெக்ஸ்' என்ற இணையத்தளத்தை ஜமைக்காவில் நடத்துகிறார்கள். உணவு இறக்குமதியை 2025க்குள் 25 சதவீதம் குறைப்பது என்று காரிகாம் நாடுகள் சேர்ந்து இலக்கு வைத்தன, பிறகு அதை 2030க்குத் தள்ளிவிட்டன. அவர்களுக்கும் சிக்கல் தெரியாமல் இல்லை.

எல்லாம் அடங்கிய பேக்கேஜ் முறை இதை இன்னும் இறுக்குகிறது. 1950இல் கிளப் மெட் மயோர்காவில் ஆரம்பித்து வைத்த யோசனை, ஜமைக்காவில் 1981இல் மான்டிகோ பேயில் தொடங்கிய சாண்டல்ஸ் மூலம் தீவுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. விருந்தாளிக்கு இதில் ஒரு நிஜமான நன்மை உண்டு, பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் காசை முன்னாலேயே கட்டிவிட்டவர் வாசலைத் தாண்டி வெளியே போய்ச் சாப்பிட யோசிப்பார். சமையலறையோ ஒரு தலைக்கு இத்தனை டாலர் என்ற கணக்குக்குள் நின்றாக வேண்டும். ஆகவே யாருக்கும் பிடிக்காமல் போகாத சாப்பாடு வருகிறது. யாருக்கும் பிடிக்காமல் போகாத சாப்பாடு யாருக்கும் நினைவிலும் நிற்காது.

சொந்தச் சமையல்காரர்

அப்படியானால் பிரைவேட் செஃப்தான் மாற்று என்று தோன்றும். ஜமைக்காவில் இது பழைய வழக்கம். ட்ரையால் கிளப் போன்ற இடங்களில் வில்லாவோடு சமையல்காரரும் சேர்ந்தே வருவார். மளிகைச் செலவு தனிக்கணக்கு, அவரே போய் வாங்கி வருவார். கொள்முதல் அதிகாரி இல்லை, கன்டெய்னர் இல்லை. ஒரு மனிதர், ஒரு சந்தை, ஒரு அடுப்பு. நல்ல சாப்பாட்டுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு எது?

ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. போவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஒரு படிவம் வரும். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, என்ன ஒத்துக்கொள்ளாது, ஏழு நாளைக்கு மூன்று வேளையும் என்ன வேண்டும். ஒவ்வாமை பற்றிய கேள்வி அவசியம், அதில் விவாதமே இல்லை. மீதியெல்லாம், இன்னும் பார்த்திராத ஓர் ஊரைப் பற்றி வாடிக்கையாளரிடமே கேட்டு எழுதி வாங்கும் தேவைப் பட்டியல். எங்கள் தொழிலில் இதன் கதி எல்லோருக்கும் தெரியும். தெரியாததை யாரும் கேட்க மாட்டார்கள். 'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்றால் மனிதர்கள் ஏற்கெனவே சாப்பிட்டதைத்தான் கேட்பார்கள். எங்கள் குழுவின் பட்டியலில் பாஸ்தா, வறுத்த கோழி, பான்கேக், குழந்தைகளுக்குப் பீட்சா. முதல் மூன்று நாள் அதுதான் வந்தது. குறைவில்லாமல் வந்தது. ஆக, இருபது வருஷ அனுபவம் உள்ள ஒரு ஜமைக்காச் சமையல்காரர் எங்களுக்காகச் சுமாரான இத்தாலிய உணவகம் நடத்திக்கொண்டிருந்தார்.

இது புது வியாதியும் அல்ல. ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயன் ஃபிளெமிங் ஜமைக்காவின் ஓரகபெஸாவில் கட்டிய கோல்டன்ஐ வீடு இன்று ஒரு சொகுசு ரிசார்ட். அந்த வீட்டில் அவருக்குச் சமைத்துப் போட்டவர் வயலட் என்ற உள்ளூர்ப் பெண்மணி. உப்புமீன், ஆக்கி, ஆட்டுக்கறி என்று ஊர்ச் சமையல்தான். 1948இல் அதே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிய நாடகாசிரியர் நோயல் கவர்டுக்கு அந்தச் சாப்பாடு சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதைப் பிற்பாடு நக்கலடித்தும் இருக்கிறார். ஃபிளெமிங் அதே சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டு வருஷாவருஷம் குளிர்காலத்தில் வந்து நாவல் எழுதினார். யார் நாக்கு சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இன்றைய ரிசார்ட்கள் கவர்டுக்குப் பயந்தே மெனு எழுதுகின்றன என்பதுதான் விஷயம்.

நான்காம் நாள்

நான்காம் நாள் காலையில் பின்வாசலிலிருந்து வந்த வாசனைதான் நிலைமையை மாற்றியது. வில்லா ஊழியர்கள் தங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அதுவே போதும், மிச்ச நாளுக்கு உங்கள் இஷ்டம் என்று சமையல்கார அம்மாவிடம் சொன்னோம். "நிஜமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

அன்று வந்தவை: கரியில் சுட்ட சீமைப்பலா, தேங்காய்ப்பாலில் சிவப்புக் காராமணி போட்டு வெந்த சோறு, காலலூ, எஸ்கோவிச் மீன், கறி கோட். காலலூ என்று ஜமைக்காவில் சொல்வது நம் குப்பைக்கீரை இனம். (டிரினிடாடில் அதே பெயருக்குச் சேப்பங்கிழங்கு இலை!) வெங்காயம், தைம் போட்டு வதக்கியிருந்தார். எங்கள் வீட்டுக் கீரைப் பொரியலுக்குப் பக்கத்து வீடு. எஸ்கோவிச் என்பது பொரித்த மீனின் மேல் வினிகரில் ஊறிய வெங்காயமும் ஸ்காட்ச் பானட்டும். பெயரும் முறையும் ஸ்பானியர்கள் விட்டுப்போனவை. அந்த வாரத்தின் சிறந்த தட்டு அதுதான். புளிப்பு மீனின் மொறுமொறுப்பைக் கெடுக்கவில்லை, காரம் கடைசியில்தான் வந்தது.

எல்லாமே அபாரம் என்று சொன்னால் பொய். சீமைப்பலா வெண்ணெய் இல்லாமல் தொண்டையை அடைத்தது. சோறு கனம். கறி கோட்டில் மசாலாப் பொடியை எண்ணெயில் நன்றாகக் கருக விட்ட பிறகே ஆட்டைப் போடுகிறார்கள், மஞ்சளும் ஆல்ஸ்பைஸும் தூக்கல், கறிவேப்பிலை இருக்கவேண்டிய இடத்தில் தைம். நம் நாக்கு அதை ஏற்றுக்கொள்ள இரண்டு வாய் ஆகும். மூன்றாவது வாயில் நிறுத்த முடியாது.

இந்த ஒரு சாப்பாட்டுக்குள் தீவின் சரித்திரமே இருந்தது. அடிமைகளுக்கு மலிவான தீனி வேண்டும் என்று கேப்டன் பிளை 1793இல் கொண்டுவந்து சேர்த்தது சீமைப்பலா. காலையில் சாப்பிட்ட உப்புமீன் ஒரு காலத்தில் கனடாக் கரையிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மட்டரகச் சரக்கு. கறி கோட் 1845 முதல் கப்பலில் வந்த இந்தியக் கூலிகளின் மிச்சம். அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். தமிழர்கள் அதிகம் போனது பிரெஞ்சுத் தீவுகளுக்கு: 1853இல் மார்ட்டினிக், 1854இல் குவாதலூப். அங்கே இன்றும் விசேஷ நாட்களில் ஆட்டுக்கறியில் வைக்கும் 'கொலம்போ' நம் குழம்பு என்ற சொல்தான் என்று பலர் சொல்கிறார்கள், கொழும்பு நகரின் பெயர் என்பவர்களும் உண்டு.

சிட்னி மின்ட்ஸ் என்ற மானுடவியலாளர் கரீபியன் உணவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தோட்ட அடிமைகள் தங்களுக்கு விடப்பட்ட துண்டு நிலத்தில் பயிரிட்டார்கள், மிஞ்சியதை ஞாயிறு சந்தையில் விற்றார்கள், தங்களுக்கென்று சமைத்தார்கள். எதைச் சாப்பிடுவது என்று தானே முடிவு செய்வதில் விடுதலையின் ருசி கொஞ்சம் இருந்தது என்பது அவர் வாதம். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் ரிசார்ட்டின் இரண்டு சமையல்களும் வேறாகத் தெரிகின்றன. முன்வாசலில் விருந்தாளி கேட்டது, பின்வாசலில் தங்களுக்கு வேண்டியது. அந்தக் கோடு பழைய கோடு. நாங்கள் காசு கொடுத்து முன்வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு மறுப்பு

நண்பர் ஒருவர் அங்கேயே கேட்டார்: "ஜமைக்காக்காரர் என்றால் பாட்டி சமையல்தான் செய்யணுமா? அந்த அம்மாவுக்கு ரிசோட்டோ செய்ய ஆசை இருக்கக்கூடாதா?" நியாயமான கேள்வி. வாரத்தில் ஒரு நாள் 'தீவு இரவு' என்று பேர் வைத்து டிரம் அடித்துக் கறி கோட் போடுவதும் பாஸ்தாவுக்கு எந்த விதத்திலும் மேல் இல்லை. அதுவும் விருந்தாளி எதிர்பார்க்கும் வேஷம்தான். நான் கேட்பது பாரம்பரியச் சமையலை அல்ல, சமைக்கிறவரின் முடிவை. ஆறாம் நாள் அவர் தன் இஷ்டத்துக்கு மாம்பழம் சேர்த்து ஒரு சீஸ்கேக் செய்தார். யாருடைய பாரம்பரியமும் அல்ல. தட்டு காலியாகத்தான் திரும்பிப் போனது.

சம்பளம் வாங்கும் ஒருவரிடம் 'உங்கள் இஷ்டம்' என்று சொல்லிவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்பதும் தெரியும். டிப்ஸ் எங்கள் கையில்தான் இருந்தது. அந்த வித்தியாசத்தை ஒரு சாப்பாடு அழிக்காது. ஆனால் சாப்பாடு என்ற அளவில் பேசினால் தீர்ப்பு தெளிவு. சொகுசு ரிசார்ட்கள் விருந்தாளியின் தேர்வுரிமையை விற்கின்றன, அந்த உரிமையைப் பயன்படுத்தும் அளவுக்கு ஊர் தட்டிலிருந்து காணாமல் போகிறது. உணவகத்தில் இதற்கு மாற்றுவழி கிடையாது, வில்லாவில் உண்டு.

போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். படிவத்தில் ஒவ்வாமையை மட்டும் நிரப்புங்கள். மற்ற கட்டங்களில் 'சந்தையில் நல்லதாக என்ன இருக்கிறதோ அது' என்று எழுதிவிடுங்கள். அவர் இரண்டு தடவை கேட்பார், இரண்டு தடவையும் ஆமாம் என்று சொல்லுங்கள்.