ஊட்டி தொலைநோக்கியும் ஒரு அரைகுறை உவமையும்

ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கி பற்றி தமிழில் வரும் அறிமுகக் கட்டுரைகளில் ஒரு பகுதி எப்போதும் நன்றாக இருக்கும். 1970-ல் இருந்து இயங்குவது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே சரிவுள்ள மலையை கோவிந்த் ஸ்வரூப் குழு தேடிப் பிடித்த கதை எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது.

பிரச்சினை அடுத்த பத்தியில்தான். ரேடியோ அலையைக் காற்று ஒன்றும் செய்யாது என்பார்கள். அடுத்த வரியிலேயே, நட்சத்திரம் போல ரேடியோ மூலங்களும் கண் சிமிட்டும் என்பார்கள். அப்போ சிமிட்ட வைப்பது எது? அதைச் சொல்வதில்லை.

நட்சத்திரத்தைச் சிமிட்ட வைப்பது நம் தலைக்கு மேலே கொந்தளிக்கும் காற்று. முத்தோரையில் ஆராய்வது சூரியக் காற்றின் கொந்தளிப்பு. அது காற்றே இல்லை, கோள்களுக்கு நடுவே பாயும் பிளாஸ்மா. ஆண்டனி ஹூயிஷ் குழு 1964-ல் இதை வெளியிட்டது. இரண்டுக்கும் அதிர்வெண் கணக்கு நேர் எதிர்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். நீராவிக் கொந்தளிப்பால் அலையின் பாதை 1 மி.மீ. கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்தோரையின் 327 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 92 செ.மீ.; கட்டம் வெறும் 0.4 டிகிரி நகரும். கீழ் கோத்தகிரியில் எதிர் எஸ்டேட்டை மறைக்கும் பனிமூட்டம் இந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 100 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மி.மீ.தான். அதே 1 மி.மீ. இப்போது 120 டிகிரி! ஆல்மாவை சிலியில் 5000 மீட்டர் உயர வறண்ட பீடபூமியில் வைத்தது இதனால்தான். அங்கேயும் நீராவியை அளக்கத் தனிக் கருவிகள் தேவைப்பட்டன.

பிளாஸ்மாவில் தலைகீழ்: அதிர்வெண் குறையக் குறைய பாதிப்பு ஏறும். நம்ம நாவிக் செயற்கைக்கோள்கள் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் பேசுகின்றன. அயனி மண்டலம் தரும் தாமதம் முதலாவதில் சுமார் 4.5 மடங்கு அதிகம். இரண்டையும் ஒப்பிட்டால் அந்தப் பிழையை ஏறக்குறைய முழுசாக நீக்கிவிடலாம். கீழ்க் காற்றின் தாமதம் இரண்டிலும் ஒன்றே, அதனால் இந்த வித்தை அதனிடம் பலிக்காது. ‘காற்று ஒன்றும் செய்யாது’ என்று படித்த மாணவருக்கு இது எப்படிப் புரியும்?

மழையில் டிஷ் ஆன்டெனாவில் படம் போவதையும் சிலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது வேற சமாச்சாரம். கொந்தளிப்பு இல்லை, மழைத்துளிகள் அலையை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும்.