கடினம் யாருக்கு? சதுரங்கக் கணிப்பொறிக்கு ஒரு வினாத்தாள்

ஒரு தராசு சரியானதா என்பதை எப்படி அறிவீர்கள்? எடை தெரிந்த ஒரு கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பீர்கள். அந்த எடைக்கல்லே தேய்ந்திருந்தால்? குற்றமற்ற தராசின் மீது பழி விழும். பழுதான தராசு நல்ல பெயர் வாங்கும். ஆகவே தராசைச் சோதிக்குமுன் எடைக்கல்லைச் சோதிக்க வேண்டும்.

சதுரங்கம் ஆடும் கணிப்பொறி நிரல்களுக்கும் இப்படிப்பட்ட எடைக்கற்கள் உண்டு. ஆட்டத்தின் நடுவே, திடுக்கிட வைக்கும் ஒரு நகர்த்தல் ஒளிந்திருக்கும் நிலையை நிரலுக்குக் கொடுக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். இத்தகைய நிலைகளைத் திரட்டி வினாத்தாளாக்கி, “இந்த நிரல் இத்தனை மதிப்பெண், ஆகவே இதுவே வலிமையானது” என்று தீர்ப்பும் சொல்கிறார்கள். இத்தீர்ப்பு சரியா? புகழ்பெற்ற இரண்டு சோதனைகளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, இவான் பிராட்கோ, டேனி கோபெக் ஆகிய இருவர் 1982-இல் வெளியிட்டது. மொத்தம் 24 நிலைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். இவற்றில் 12 தாக்குதல் தந்திரம் பற்றியவை. மற்ற 12, எதிரியின் சிப்பாய் வரிசையை நெம்புகோல்போல் அசைத்துப் பார்க்கும் சிப்பாய் நகர்த்தல்கள் பற்றியவை.

முதல் நிலையையே பாருங்கள். கறுப்பு ஆட வேண்டும். கறுப்பு ராணி தானே வலியச் சென்று டி1 கட்டத்தில் நின்று ‘செக்’ கொடுக்கிறது. வெள்ளை ராஜாவுக்கு அதை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உடனே டி7-இல் இருந்த மந்திரி ஜி4-க்குப் பாய்கிறது. அது விலகியதால், பின்னால் டி8-இல் நின்ற யானைக்கும் வழி திறக்கிறது. ஒரே சமயத்தில் இரட்டைச் செக்! ராஜா ஒதுங்கக் கூடிய கட்டங்கள் இரண்டே. எதில் ஒதுங்கினாலும் யானை டி1-க்கு இறங்குகிறது, ஆட்டம் முடிந்தது.

நமக்கு இது வியப்பூட்டுகிறது. ராணியைப் பலிகொடுக்க மனித மனம் கூசும் அல்லவா? ஆனால் கணிப்பொறிக்குக் கூச்சம் ஏது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். கறுப்பின் நகர்த்தல்கள் மூன்று, வெள்ளையின் பதில்கள் இரண்டு. ஆக ஐந்து எட்டுகள். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் உண்டென்று கொண்டால், 35-ஐ ஐந்து முறை பெருக்க, சுமார் 5 கோடியே 25 லட்சம் வழிகள் வருகின்றன. பயனற்ற கிளைகளை வெட்டிவிடும் ‘ஆல்ஃபா-பீட்டா’ முறையில், நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்க நேர்ந்தால், இது ஏறத்தாழ 44,000 ஆகச் சுருங்கிவிடும். நம் நிலையிலோ செக்குக்குச் செக்காகப் போவதால், முதல் செக்குக்கு ஒரே பதில், அடுத்ததற்கு இரண்டே பதில். கிளைகள் இன்னும் குறைவு. நாம் ‘மேதைமை’ என்று போற்றுவது இயந்திரத்துக்குச் சின்னஞ்சிறு கணக்கு. இன்றைய கைப்பேசியில் ஓடும் நிரலும் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

சிப்பாய் நெம்புகோல் நிலைகளோ வேறு வகை. அங்கே பலன் மூன்றாவது நகர்த்தலில் வராது. மெல்ல மெல்லக் கனியும். அக்கால நிரல்கள் தந்திரத்தில் தேறின. நெம்புகோலில் மனிதரைவிடப் பின்தங்கின. கடினம் ஒன்றல்ல, இரு வகை என்று பிரித்துக் காட்டியதே பிராட்கோ, கோபெக் இருவரின் பெருமை. இதை மனமாரப் பாராட்டலாம். ஆனால் எல்லாச் சோதனைகளும் இப்பாடத்தைப் பின்பற்றவில்லை. ஃபிரெட் ரைன்ஃபெல்டு மனிதர்களின் பயிற்சிக்காகத் தொகுத்த நூலின் 300 தந்திர நிலைகள், அப்படியே இயந்திரங்களுக்கான வினாத்தாளாயின. மீனின் வலிமையை அது நீந்தும் தூரத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போன்றதே இது!

இரண்டாவது சோதனை இதற்கு நேர்மாறானது. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் பெயரில் அமைந்த நிறுவனம் 2017-இல் ஒரு நிலையை வெளியிட்டது. (2020-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான்.) கறுப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி, ஐந்து சிப்பாய். வெள்ளைக்கு ராஜாவுடன் நான்கே சிப்பாய். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கு 3, சிப்பாய்க்கு 1 என்னும் வழக்கமான மதிப்பில் கறுப்புக்கு 33, வெள்ளைக்கு 4. அக்கால நிரல்கள் கறுப்புக்கே வெற்றி என்று எண்களை வாரி இறைத்தன.

ஆனால் பலகையைச் சற்று உற்று நோக்குங்கள். கறுப்பின் ராணியும் யானைகளும் ராஜாவும் தம் சிப்பாய்களாலேயே மூலையில் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. அசையக் கூடியவை மந்திரிகள் மட்டுமே. மூன்றும் கறுப்புக் கட்டத்து மந்திரிகள். வெள்ளை ராஜாவும் நான்கு சிப்பாய்களும் நிற்பதோ வெள்ளைக் கட்டங்களில்! யானையை வெட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவினால் போதும். வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இன்றி இரு தரப்பும் ஐம்பது நகர்த்தல்கள் ஆடிவிட்டால் ஆட்டம் சமன். ஆட்டம் கற்ற பள்ளிச் சிறுவனும் சிறிது நேரத்தில் இதை உணர்வான்.

இயந்திரம் தோற்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். கேட்கப்பட்டது எண்ணா, நகர்த்தலா? எண் தவறுதான். ஐம்பது நகர்த்தல் என்றால் நூறு எட்டுகள்; அவ்வளவு தூரம் நிரலின் பார்வை தொடக்கத்தில் எட்டாது. ஆனால் அந்த எல்லை நெருங்க நெருங்க அதன் எண்ணும் சமனுக்கு வந்துவிடும். அதுவரை ராஜாவை நகர்த்திக்கொண்டிருந்தால் ஆட்டம் கெடாது. ஆகவே இச்சோதனை, நிரலின் மதிப்பீட்டில் உள்ள ஒரு குறையைக் காட்டுகிறது. நிரல் மோசமாக ஆடும் என்று காட்டவில்லை. இயந்திரத்துக்கு அறிவே இல்லை என்று இந்த ஒரே நிலையைக் கொண்டு முடிவு கட்டுவது, ஒரே அளவீட்டைக் கொண்டு விதி எழுதுவதாகும்.

அளவீடு என்றதும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம் நினைவுக்கு வருகிறது: பிழை வரம்பு இல்லாத விடை, விடையே அன்று. ஒரு நிரல் 24-இல் 18 சரியாகச் செய்தது எனக் கொள்வோம். மாதிரி அளவின் சிறுமையால் வரும் திட்டப் பிழை, 24 × 0.75 × 0.25 என்பதன் வர்க்கமூலம்; அதாவது ஏறத்தாழ 2. ஆகவே 18 பெற்றதும் 20 பெற்றதும் வேறு வேறு என்று துணிந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு மதிப்பெண் வேறுபாட்டுக்கே முதல், இரண்டாம் பரிசு வழங்குவோர் உண்டு.

இன்னொரு குறையை, ஆசிரியன் என்ற முறையில், நான் நன்கறிவேன். ‘முக்கிய வினாக்களை’ மனப்பாடம் செய்த மாணவன், எண்களை மாற்றிக் கேட்டதும் விழிப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். அச்சில் வந்து நாற்பது ஆண்டு கடந்த நிலைகளுக்கு ஏற்ப நிரலைத் திருகித் திருகிச் சரிசெய்தால், மதிப்பெண் ஏறும்; ஆட்டம் தேறாது. தவிரவும், வினாத்தாளில் ‘இங்கே ஒரு வெடி இருக்கிறது’ என்று முன்பே தெரிந்துவிடுகிறது. உண்மை ஆட்டத்தில் அப்படி யாரும் காதில் சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் ராணியைப் பலிகொடுக்கத் துடிக்கும் நிரல், தேர்வில் வெல்லும், களத்தில் தோற்கும்.

அப்படியானால் வலிமையை அளப்பது எப்படி? ஆடவிட்டுத்தான்! ஆட்ட முடிவுகளிலிருந்து வீரர்களின் தரத்தைக் கணிக்கும் முறையைத் தந்த ஆர்பாட் ஈலோ, அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றது. ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்னும் நிரலில் 2013 முதல் ஒவ்வொரு மாற்றமும், தொண்டர்களின் கணிப்பொறிகளில் ஆயிரமாயிரம் ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பின்னரே ஏற்கப்படுகிறது. எண்ணிக்கை பெருகப் பெருகப் பிழை வரம்பு குறுகும்.

ஆயினும் புதிர் நிலைகளை வீசி எறிய வேண்டியதில்லை. ஆட்டங்கள் யார் வென்றார் என்று சொல்லும். ஏன் என்று சொல்லா. காய்ச்சல் எவ்வளவு என்பதை வெப்பமானி சொல்லும். எங்கே நோய் என்பதை மருத்துவர் தட்டிப் பார்த்தே அறிகிறார். புதிர் நிலை, தட்டிப் பார்க்கும் அந்த விரல்.

அந்த விரலைச் சரியாகப் பயன்படுத்த மூன்று யோசனைகள். ஒன்று, பலிகொடுப்பது தவறாகும் நிலைகளையும் சரிபாதி சேர்க்க வேண்டும். இரண்டு, நகர்த்தலோடு அதன் காரணத்தொடரையும் கேட்டு வாங்க வேண்டும். தவறான வழியில் வந்த சரியான விடைக்கு நாம் முழு மதிப்பெண் தருவதில்லையே! மூன்று, கறுப்பை வெள்ளையாக்கிப் பலகையைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சமச்சீர் விதிப்படி விடையும் அப்படியே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மனப்பாடமோ பழுதோ என்று ஐயுறலாம்.

அடுத்த முறை “இந்த நிரல் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியது” என்று யாரேனும் சொன்னால், வாசகரே, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “பிழை வரம்பு என்ன? அந்த வினாக்கள் கடினமாக இருந்தது யாருக்கு?” விடை வந்த பிறகு கைதட்டலாம்.