அரசனின் நாவும் அவையின் செவியும்

திக்கிப் பேசுவோரைச் சிரிப்பிற்குரிய பாத்திரமாகவே நம் மேடைகளும் திரைகளும் பெரும்பாலும் காட்டி வந்துள்ளன. சொல் வராமல் அவர் தவிக்கும் நேரமே பார்ப்போர் கைதட்டும் நேரம். அத்தவிப்பையே மையப்பொருளாகக் கொண்டு 2010-இல் வெளிவந்த ஆங்கிலப் படம் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’. 2011-இல் நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற இப்படத்தை, அதன் ஆரவாரம் ஓய்ந்த பின் மீண்டும் நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோகும் கதையின் இரு தூண்கள். திரைக்கதை எழுதிய டேவிட் சைட்லர் தாமே இளமையில் திக்குவாயால் துன்புற்றவர். ஆகவேதான் தொடக்கக் காட்சி அத்தனை உண்மையாய் நிற்கிறது. ஆண்டு 1925, வெம்ப்ளி அரங்கு. பின்னாளில் மன்னராகும் இளவரசர் ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். உடைந்த ஒலி அரங்கெங்கும் எதிரொலிக்கிறது. அவரது வாயோடு, செய்வதறியாது நெளியும் கூட்டத்தையும் இயக்குநர் டாம் ஹூப்பர் காட்டுகிறார். திக்குதல் என்னும் துன்பத்தில் கேட்போர்க்கும் பங்குண்டு என்பதை இதனினும் செறிவாகக் கூற இயலாது.

வாயில் கோலிக்குண்டுகளை நிரப்பிப் பேசச் சொல்லும் மருத்துவர் ஒருவர் வருகிறார். நகைக்கிறோம், ஆனால் வசம்பை உரைத்துக் குழந்தையின் நாவில் தடவும் நமக்கும் அவருக்கும் தொலைவு அதிகமில்லை. குறை நாவில் உள்ளது என்பதே இரு சாராரின் எண்ணமும்.

படத்தின் குறைகள் இரண்டு. கண்டிப்பான தந்தை, கொடுமை செய்த தாதி, இடக்கைப் பழக்கத்தை மாற்றிய கட்டாயம் ஆகியவையே திக்குவாயின் காரணங்கள் என்ற எண்ணம் பார்ப்போர்க்கு எழுகிறது. மரபணுக்களுக்கும், பேச்சை ஒழுங்குசெய்யும் மூளை இணைப்புகளின் வேறுபாட்டிற்கும் இதில் பெரும்பங்கு உண்டென இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அச்சமும் அவமானமும் திக்கலை மிகுதிப்படுத்தலாம். அவையே அதன் வேர் எனக் கொள்வதற்கில்லை. இத்தெளிவு இல்லையெனில், எத்தனை தாய்மார் தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்வர்!

மற்றொரு குறை, காலத்தைப் பற்றியது. 1926-இல் லோகிடம் பயிற்சி தொடங்கிய இளவரசர், 1927-இலேயே கான்பெராவில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து நன்கு உரையாற்றினார். அதன்பின்னும் பல்லாண்டுகள் லோகின் துணையை நாடினார். படமோ பயிற்சியின் தொடக்கத்தை 1930-களுக்குத் தள்ளி, முன்னேற்றம் முழுவதையும் பிரிட்டன் போர் அறிவித்த 3.9.1939 அன்று நிகழ்ந்த வானொலி உரையில் குவிக்கிறது. விடாமுயற்சியின் நீண்ட வரலாறு ஓர் உச்சக்காட்சியாகச் சுருங்கிவிடுகிறது.

எனினும் அவ்வுரைக் காட்சியே படத்தின் மணிமகுடம். மன்னர் அங்கும் தயங்கியே பேசுகிறார், திக்கல் மறைந்துவிடவில்லை. நண்பனிடம் பேசுவதாக எண்ணிப் பேசுமாறு கூறி, எதிரே நின்று கையசைவால் துணைபுரிகிறார் லோக். நாட்டிற்குப் பேசும் மன்னர்க்கு முதலில் தேவைப்பட்டது, பொறுமையுடன் கேட்கும் ஒரே ஒரு மனிதர்.

பலரோடு சேர்ந்து செபிக்கையிலும் பாடுகையிலும் தடையின்றி ஒலிக்கும் சிறுவனின் குரல், தனியே வாசிக்க எழுகையில் திக்குவதை நம் பங்குகளிலும் காண்கிறோம். ‘தயங்காமல் படி’ என அதட்டுவதும், எஞ்சிய சொல்லை நாமே கூறி முடிப்பதும் அவன் முயற்சியைப் பறிக்கும். தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் காலத்தே அழைத்துச் செல்லுமாறு பெற்றோர்க்குக் கூறுவோம். வாசிப்பு மேடையினின்று அவனை விலக்காது, அவன் முகம் நோக்கி, இறுதிச் சொல்லை அவனே கூறும்வரை காத்திருப்போம்.